மாற்றுத்திறனாளி கொடுப்பனவு மறுக்கப்பட்டால்: திருகோணமலையில் இருந்து நீதிமன்றம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

கொடுப்பனவு நின்றுபோனவர்களும் விண்ணப்பித்தும் கிடைக்காதவர்களும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "கோட்டுக்குப் போகலாமோ?" போகலாம். ஆனால் இப்படியான வழக்குகளில் வெல்வதும் தோற்பதும் பெரும்பாலும் மனு எழுதத் தொடங்கும் முன்பே முடிவாகிவிடுகிறது. பிரதேச செயலகத்தில் உங்கள் பெயரில் கிடக்கும் கோவையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதுதான் வழக்கு. அதனால் இந்த வழிகாட்டி பாதிக்கு மேல் நீதிமன்றத்துக்கு வெளியே நடக்கும் வேலைகளைப் பற்றித்தான் பேசுகிறது. சட்டத்தரணியைக் காணப் போகும் முன் இந்த வேலைகளை முடித்துக்கொண்டு போனால் அவருக்கும் சுகம், உங்களுக்கும் செலவு குறைவு.

நீதிமன்றம் எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது

நீதிபதி உங்கள் மருத்துவ அறிக்கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு "இவருக்கு மாதம் இவ்வளவு கொடுங்கள்" என்று சொல்லமாட்டார். யார் தகுதியானவர் என்று தீர்மானிப்பது அதிகாரியின் வேலை. அந்த வேலையை அவர் சட்டப்படி செய்தாரா என்பதை மட்டுமே நீதிமன்றம் பார்க்கும். நீதிமுறை மீளாய்வு என்பது இதுதான். பேச்சு வழக்கில் ரிட் வழக்கு என்பார்கள்.

அதிகாரியின் முடிவு மூன்று வகையில் பழுதாகலாம். ஒன்று, சட்டத்திலோ சுற்றுநிருபத்திலோ இல்லாத நிபந்தனையை அவராகவே போட்டிருப்பார். "மகன் வெளிநாட்டில் இருக்கிறார், ஆகவே உங்களுக்கு இல்லை" என்று சொல்லியிருந்தால், அப்படியொரு நிபந்தனை எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்கலாம். இரண்டு, நடைமுறை பிழைத்திருக்கும். மூன்று வருடமாக வந்த கொடுப்பனவை ஒரு வார்த்தை கேட்காமல் நிறுத்தியது, உங்களுக்கு எதிராக வந்த முறைப்பாட்டை உங்களுக்குக் காட்டாமலே முடிவெடுத்தது எல்லாம் இந்த வகை. மூன்று, கோவையில் உள்ள ஆதாரத்துக்கும் முடிவுக்கும் தொடர்பே இருக்காது. அரச வைத்தியர் "நிரந்தர இயலாமை" என்று எழுதிக் கையொப்பமிட்டிருக்க, முடிவுத் தாளில் "தற்காலிக பாதிப்பு" என்று குறித்திருந்தால் அதை எந்த நீதிபதியும் கண்டுகொள்ளாமல் விடமாட்டார்.

இப்படிப் பழுது நிரூபணமானால் நீதிமன்றம் இரண்டு விதமாகத் தலையிடும். பிழையான முடிவை உறுதிகேள் எழுத்தாணையால் இல்லாமற் செய்யலாம். செய்யவேண்டியதைச் செய்யாமல் இழுத்தடிக்கும் அதிகாரியைச் செய்யும்படி ஆணையீட்டு எழுத்தாணையால் பணிக்கலாம். அநேகமாகக் கிடைக்கும் நிவாரணம் "சட்டப்படி மீண்டும் பரிசீலித்து முடிவெடுக்கவும்" என்பதுதான். இதைக் கேட்டதும் பலர் "அதே ஆளிடமே திரும்பப் போகிறதா?" என்று சலித்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது சின்ன விடயம் இல்லை. நீதிமன்றம் பிழையென்று சொன்ன காரணத்தையே திரும்ப எழுத எந்த அதிகாரியும் துணியமாட்டார்.

முதற்படி: மறுப்பைக் கடதாசியில் வாங்குங்கள்

எங்கள் பக்கத்தில் மறுப்பு என்பது பெரும்பாலும் வாய்ச்சொல்தான். "லிஸ்ட்டில பேர் வரேல்ல அம்மா, பிறகு வாங்கோ" என்று சொன்னதை வைத்துக்கொண்டு வழக்குப் போட முடியாது. எந்தத் திகதியில், யார், என்ன காரணத்தால் மறுத்தார் என்பது எழுத்தில் வேண்டும்.

இதற்கு ஒரு கூர்மையான ஆயுதம் கையிலேயே இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 35ஆம் பிரிவு. ஒரு முடிவால் பாதிக்கப்பட்டவர் கேட்டால், அந்த முடிவுக்கு வந்த காரணங்களை எழுத்தில் கொடுக்க வேண்டியது அரச அதிகாரியின் கடமை என்று அது சொல்கிறது. தகவல் கேட்பது வேறு, காரணம் கேட்பது வேறு. இந்தச் சட்டத்தைப் பயன்படுத்துகிறவர்களிலேயே பலர் இந்தப் பிரிவைத் தொடுவதில்லை. கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை:

"மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவுக்காக ………… திகதியில் நான் கையளித்த விண்ணப்பம் ஏற்கப்படவில்லை என்று ………… திகதியில் தங்கள் அலுவலகத்தில் எனக்கு வாய்மொழியாகத் தெரிவிக்கப்பட்டது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின் 35ஆம் பிரிவின்படி, இம்முடிவை எடுத்தவர் யார், எந்தத் திகதியில் எடுக்கப்பட்டது, எந்தச் சட்டம் அல்லது சுற்றுநிருபத்தின் கீழ் எடுக்கப்பட்டது, அதற்கான காரணங்கள் யாவை என்பவற்றை எழுத்தில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

பிரதேச செயலாளருக்கே முகவரியிடுங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள். முத்திரை குத்த மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம், தபால் கந்தோருக்குப் போய்ப் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள். அந்தப் பற்றுச்சீட்டின் மை சில மாதத்தில் மங்கிப்போகும் என்பதால் அன்றைக்கே ஒரு போட்டோ கொப்பி எடுத்து வையுங்கள்.

பதில் சிங்களத்தில் வந்தால் தமிழில் கேளுங்கள். வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழும் நிருவாக மொழி என்பது அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை. விளங்காத மொழியில் வந்த கடிதத்தை யாரோ வாசித்துச் சொன்னதை நம்பி, அடிப்படை உரிமை மனுவுக்கான ஒரு மாத காலக்கெடுவைத் தவறவிட்டால் பிறகு அழுது பயனில்லை.

"காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறீர்கள்" என்ற பதில் வந்தால்? அது மறுப்பும் இல்லை, ஒப்புதலும் இல்லை. தகுதி ஏற்கப்பட்டதா, பட்டியலில் எத்தனையாவது இடம், உங்களுக்குப் பிறகு விண்ணப்பித்த யாருக்கேனும் கொடுப்பனவு தொடங்கியிருக்கிறதா என்று அடுத்த கடிதத்தில் கேளுங்கள். பின்னால் வந்தவர் முன்னால் போயிருந்தால் அங்கேதான் வழக்கு இருக்கிறது.

இரண்டாம் படி: கோவையின் பிரதி

காரணம் கேட்ட அதே நாளில் தகவல் அறியும் விண்ணப்பத்தையும் கொடுத்துவிடலாம். ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்கவேண்டும். எழுத முடியாதவர், பார்வையற்றவர் வாய்மொழியாகக் கேட்டால் அதை எழுத்தில் பதிவுசெய்ய வேண்டியது அந்த அலுவலரின் கடமை. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானிக்கவேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அவரும் கைவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பில் உள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

"என் கோவையைத் தாருங்கள்" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். மொட்டையாகக் கேட்டால் உங்கள் விண்ணப்பத்தின் பிரதியையே உங்களுக்குத் திருப்பித் தருவார்கள். இவற்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: விண்ணப்பத்தோடு போன மருத்துவச் சான்றிதழ், கிராம உத்தியோகத்தரின் பரிந்துரை, சமூக சேவை உத்தியோகத்தரின் களஆய்வு அறிக்கை, புள்ளி போட்டிருந்தால் அந்தத் தாள், தெரிவுக்குழு கூடிய குறிப்பு, முடிவுக்கு அடிப்படையான சுற்றுநிருபம், கோவையின் உட்குறிப்புத் தாள்கள். பிரதிகள் அத்தாட்சிப்படுத்தப்பட்டவையாக வேண்டும் என்றும் எழுதுங்கள். அது ஏன் என்பது மனு எழுதும்போது தெரியும்.

பிரதி கைக்கு வந்ததும் அவசரப்படாமல் உட்கார்ந்து படியுங்கள். ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். ஈச்சிலம்பற்றில் முழங்காலுக்குக் கீழே காலை இழந்த ஒருவர். அவர் கோவையில் களஆய்வு அறிக்கைக்கு மார்ச் 14 என்று திகதி போட்டிருக்கிறது. "வீட்டில் இல்லை, கூலி வேலைக்குச் சென்றுள்ளார்" என்று ஒரு வரி. ஆனால் மூதூர் ஆதார வைத்தியசாலையின் கிளினிக் கொப்பியில் அதே மார்ச் 14 அன்று காயத்துக்கு மருந்து கட்டியதாகப் பதிவு இருக்கிறது. இந்த இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும், மனுவின் பாதி எழுதியாகிவிட்டது. களஆய்வு பிழையான தகவலில் நின்றது, அதை மறுத்துச் சொல்ல அவருக்கு வாய்ப்புத் தரப்படவில்லை, முடிவு அதன்மீதே எடுக்கப்பட்டது. கிளினிக் கொப்பிகளைத் தூக்கி எறியவேண்டாம் என்று சொல்வது இதற்காகத்தான்.

கோவையில் இருப்பதைப் போலவே இல்லாததையும் கவனியுங்கள். மருத்துவச் சான்றிதழ் கொடுத்தீர்கள், ஆனால் கோவையில் அது இல்லை என்றால், முடிவெடுத்தவர் அதைப் பார்க்கவே இல்லை. காரணம் எழுதிய தாளே இல்லையென்றால் அதுவும் பலம்தான். 1997இல் அறிக்கையிடப்பட்ட கருணாதாச எதிர் யுனிக் ஜெம் ஸ்டோன்ஸ் வழக்கில், ஒருவருக்குச் செவிமடுப்பது என்றால் அவர் சொன்னதைப் பதிந்துகொள்வது மட்டுமல்ல, அதைக் காரணத்தோடு பரிசீலிப்பதும் சேர்த்துத்தான் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. அது ஒரு தொழில் பிணக்கில் வந்த தீர்ப்பு. ஆனாலும் காரணமில்லாத முடிவை எதிர்க்கிற எல்லா வழக்கிலும் சட்டத்தரணிகள் அதைத் தூக்கிக் காட்டுவார்கள்.

மூன்றாம் படி: அது யாருடைய பணம்?

வழக்கு எந்த நீதிமன்றத்துக்குப் போகவேண்டும் என்பது இந்தக் கேள்வியில்தான் தங்கியிருக்கிறது.

மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவு மத்திய அரசின் பணம். 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ரூபாவில் இருந்து 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டதும் இதுதான். அஸ்வெசும என்ற நலன்புரித் திட்டத்தில் குடும்பங்களுக்குத் தரும் கொடுப்பனவு வேறு. 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் 2023 யூலையில் தொடங்கிய அந்தக் குடும்பக் கொடுப்பனவுக்கு அளவிடப்படுவது குடும்பத்தின் வறுமை. அஸ்வெசுமவில் பெயர் வெட்டுப்பட்டதை மாற்றுத்திறனாளி கொடுப்பனவு வெட்டுப்பட்டதாக நினைத்துக்கொண்டு அலைகிறவர்கள் இருக்கிறார்கள். எது நின்றது என்று வங்கிப் புத்தகத்தைப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

மூன்றாவது, ஊரில் பிச்சைச் சம்பளம் என்று சொல்லும் பொதுசன உதவிப்பணம். இது மாகாண சமூக சேவைத் திணைக்களத்தின் பொறுப்பு. காசநோய், புற்றுநோய், தலசீமியா போன்ற நோய்களுக்கான உதவியும் அந்த வழியாக வருவதுண்டு. இவை தவிர, மருத்துவ காரணத்தால் ஓய்வுபெற்ற அரச ஊழியரின் ஓய்வூதியம், 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான இழப்பீட்டு அலுவலகத்தின் நட்டஈடு ஆகியவை மத்திய அரசின் பக்கம்.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், மத்திய அரசின் பணமும் மாகாணத்தின் பணமும் ஒரே பிரதேச செயலகத்தின் ஊடாகத்தான் வருகின்றன. பட்டணமும் சூழலும், கிண்ணியா, மூதூர், குச்சவெளி என்று எங்கே போனாலும் ஒரே கட்டடம், சில இடங்களில் ஒரே மேசை. பிரதேச செயலாளர் ஒரு விண்ணப்பத்தை மத்திய அமைச்சுக்காகவும் அடுத்ததை மாகாணத்துக்காகவும் பார்க்கிறார். அதனால்தான் முதற்கடிதத்திலேயே "எந்தச் சட்டத்தின் கீழ்" என்று கேட்கச் சொன்னேன். பதிலில் சட்டத்தின் பெயரோ சுற்றுநிருப இலக்கமோ வந்துவிட்டால் சட்டத்தரணிக்கு மீதி வழி தெரியும்.

நான்காம் படி: உள்முறையீடும் காலக்கெடுவும்

சட்டத்திலோ திட்டத்திலோ மேன்முறையீட்டு வழி இருந்தால் முதலில் அதைச் செய்யவேண்டும். "அதைச் செய்யாமல் ஏன் இங்கே வந்தீர்கள்?" என்பது நீதிமன்றத்தின் வழமையான கேள்வி. அஸ்வெசும பட்டியல் வெளியாகும்போது மேன்முறையீட்டுக்கும் ஆட்சேபனைக்கும் கொடுக்கும் காலம் சொற்பம். பிரதேச செயலகத்து அறிவித்தல் பலகையை எதிர்பார்த்துக்கொண்டிருக்காமல் கிராம உத்தியோகத்தரிடம் கேட்டுக்கொண்டே இருங்கள். மாகாண உதவிப்பணத்துக்கு மாகாண சமூக சேவைப் பணிப்பாளருக்கு எழுதலாம். மத்திய கொடுப்பனவுக்கு, பிரதேச செயலாளருக்குப் போடும் முறையீட்டின் பிரதியை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய செயலகத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

அரச நிருவாகம் பற்றிய முறைப்பாடுகளைக் கேட்கும் ஒம்புட்ஸ்மன், பாராளுமன்றப் பொதுமனுக் குழு ஆகியவையும் இருக்கின்றன. பலன் தருவதும் உண்டு. ஆனால் அவற்றின் பதிலுக்காகக் காத்திருப்பதால் நீதிமன்றக் காலம் நின்றுவிடாது.

அந்தக் காலக்கணக்கு இரண்டு விதம். அடிப்படை உரிமை மீறல் மனுவை மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யவேண்டும் என்று அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை சொல்கிறது. முப்பது நாள் கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும், ஏழை எளியவருக்கு இன்னும் வேகமாக ஓடும். இதற்கு ஒரு சலுகை உண்டு. அந்த ஒரு மாதத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் உள்ள காலம் கணக்கில் சேராது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு இது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் திருகோணமலையிலேயே இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் சார்பில் வேறொருவரும் முறையிடலாம். ஒன்றை மறக்கவேண்டாம்: முறைப்பாடு கொடுத்த துண்டை மட்டும் காட்டினால் உயர் நீதிமன்றம் திருப்தியடையாது. விசாரணை உண்மையில் நடக்கிறது என்பதற்கு ஆணைக்குழுவின் கடிதம், அழைப்பு, இலக்கம் ஏதாவது கையில் இருக்கவேண்டும்.

ரிட் மனுவுக்கு நாள் கணக்கில் காலக்கெடு இல்லை. அதற்காக ஆறுதலாகப் போகலாம் என்று நினைக்காதீர்கள். விளக்கமில்லாத தாமதம் ஒன்றே மனுவைத் தள்ளுபடி செய்யப் போதும். ரிட் என்பது கேட்டவுடன் கிடைக்கும் உரிமை இல்லை, நீதிமன்றத்தின் தற்றுணிபு. தாமதம், நடத்தை, மறைப்பு எல்லாவற்றையும் பார்த்துத்தான் கொடுப்பார்கள். வைத்தியசாலையில் கிடந்ததால் பிந்தியது என்றால் கிளினிக் கொப்பியை இணைத்து அதை மனுவிலேயே எழுதுங்கள்.

ஐந்தாம் படி: எந்த நீதிமன்றம்?

மாவட்ட நீதிமன்றமும் நீதவான் நீதிமன்றமும் இதில் ஒன்றும் செய்யமுடியாது. மூன்று இடங்கள்தான் உண்டு.

திருகோணமலையில் உள்ள மாகாண மேல் நீதிமன்றம் முதலாவது. அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு வந்த 154P உறுப்புரையின்படி, மாகாண சபை நிரலில் (மாகாணத்துக்குரிய விடயங்களின் பட்டியலில்) உள்ள விடயங்களில் மாகாணத்துக்குள் அதிகாரம் செலுத்துகிறவருக்கு எதிராக ரிட் ஆணை பிறப்பிக்க அதற்கு அதிகாரம் உண்டு. இயலாதோருக்கான நிவாரணமும் உடல், உள ரீதியில் பாதிக்கப்பட்டோரின் நலன்புரியும் அந்த நிரலில் சமூக சேவைகள் என்ற தலைப்பின் கீழ் இருக்கின்றன. ஆகவே மாகாண உதவிப்பணம் மறுக்கப்பட்டால் கொழும்புக்கு அலையத் தேவையில்லை. மனுவைத் தமிழிலேயே போடலாம், வழக்கும் தமிழில் நடக்கும்.

மத்திய அரசின் சட்டத்தின் கீழ் மத்திய அதிகாரியாக எடுத்த முடிவென்றால் கொழும்பு புதுக்கடையில் உள்ள மேன்முறையீட்டு நீதிமன்றம். அரசியலமைப்பின் 140ஆம் உறுப்புரை தரும் அதிகாரம் அது. அங்கே நடைமுறையில் மனுக்கள் ஆங்கிலத்திலேயே ஓடுகின்றன, மொழிபெயர்ப்புச் செலவையும் கணக்கில் எடுங்கள்.

"சமூக சேவை மாகாண விடயம்தானே, மாற்றுத்திறனாளி கொடுப்பனவையும் இங்கேயே போட்டால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. வாதிடலாம். ஆனால் நீதிமன்றங்கள் இந்த எல்லையை இறுக்கமாகவே வாசிக்கின்றன. 2013 செப்டெம்பரில் சோலைமுத்து ராசு வழக்கில், அரச காணியில் இருந்து வெளியேற்றும் அறிவித்தலுக்கு எதிரான மனுவைக் கேட்க மாகாண மேல் நீதிமன்றத்துக்கு நியாயாதிக்கம் இல்லை என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காணி மாகாண நிரலில் இருந்தும் அப்படி. நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் தவறான வாசலில் நின்றால் வருடங்கள் போகும். அதனால் என் யோசனை: சந்தேகம் இருந்தால் மேன்முறையீட்டு நீதிமன்றம்.

மூன்றாவது உயர் நீதிமன்றம். அரசியலமைப்பின் 12(1) உறுப்புரை தரும் சமத்துவம் மீறப்பட்டது என்று சொல்லும் வழக்கு. ஒரே நிலையில் உள்ள இரண்டு பேரில் ஒருவருக்குக் கொடுத்து மற்றவரை விட்டது, மொழியோ மதமோ அரசியலோ பார்த்துத் தெரிவு செய்தது, இப்படி ஆதாரத்தோடு காட்ட முடிந்தால் அங்கே போகலாம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் பின்னுறுதிப்படுத்தியது உண்மை. அதை மட்டும் நம்பி வழக்குப் போடவேண்டாம். உள்நாட்டுச் சட்டமாக்காத சர்வதேச உடன்படிக்கை இங்குள்ள நீதிமன்றத்தில் நேரடி உரிமை தராது என்பது 2006இல் சிங்கராசா வழக்கில் வந்த நிலைப்பாடு. துணைக்கு எடுத்துக்காட்டலாம், அவ்வளவுதான்.

இந்தியத் தளங்களில் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு ஒரு சொல்: அங்கே உச்ச நீதிமன்றம் என்பது இங்கே உயர் நீதிமன்றம். அங்கே உயர் நீதிமன்றம் என்பதை இங்கே மேல் நீதிமன்றத்தோடு ஒப்பிட்டாலும் அதிகாரம் ஒன்றல்ல.

ஆறாம் படி: மனுவும் சத்தியக்கடதாசியும்

மனுவைச் சட்டத்தரணி எழுதுவார். நீங்கள் கவனிக்கவேண்டியவை சில.

ஆவணங்கள் மூலப்பிரதியாகவோ முறையாக அத்தாட்சிப்படுத்திய பிரதியாகவோ இருக்கவேண்டும். மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் 1990ஆம் ஆண்டு விதிகளின் 3ஆம் விதி இதை வற்புறுத்துகிறது. சாதாரண போட்டோ கொப்பியோடு போய், எதிர்த்தரப்பு முதல் ஆட்சேபனையாக அதையே கிளப்பி, வழக்கு அங்கேயே படுத்துவிடுவதுண்டு. தகவல் அறியும் விண்ணப்பத்திலேயே அத்தாட்சிப் பிரதி கேட்கச் சொன்னது இதற்காக.

சத்தியக்கடதாசியைச் சமாதான நீதவான் அல்லது சத்தியப்பிரமாண ஆணையாளர் முன்னிலையில் உறுதிப்படுத்தவேண்டும். மனுதாரர் பார்வையற்றவராகவோ எழுத வாசிக்கத் தெரியாதவராகவோ இருந்தால் இன்னொரு நிபந்தனை உண்டு. அது அவருக்கு வாசித்து விளக்கப்பட்டது, அவர் விளங்கிக்கொண்டதாகத் தெரிந்தது, அவர் என் முன்னிலையில் கையொப்பமிட்டார் அல்லது அடையாளமிட்டார் என்று அதை உறுதிப்படுத்துபவர் அடிக்குறிப்பில் எழுதவேண்டும். குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 439ஆம் பிரிவு. பெருவிரல் அடையாளத்தை மட்டும் வைத்துவிட்டு இந்த வரியை விட்டால் சத்தியக்கடதாசியே செல்லாமற் போகலாம். தெருமுனைச் சமாதான நீதவான்களில் பலர் அச்சடித்த முத்திரையைக் குத்திவிட்டு விடுவார்கள், ஆகவே நீங்களே ஞாபகப்படுத்துங்கள்.

எதிர்மனுதாரராக யாரையெல்லாம் சேர்ப்பது? முடிவெடுத்த அதிகாரி, அவர் சார்ந்த திணைக்களத் தலைவர் அல்லது சபை, தேவையானால் அமைச்சின் செயலாளர், சட்டமா அதிபர். பதவியோடு பெயரையும் எழுதுவது பாதுகாப்பு. பிரதேச செயலாளர் இடமாற்றம் பெற்றுப் போயிருந்தால் இப்போது இருப்பவரின் பெயர் வேண்டும்.

எதையும் மறைக்காதீர்கள். மகள் கொழும்பில் வேலை செய்து காசு அனுப்புகிறார், சிறிய கடை ஒன்று இருக்கிறது என்றால் அதை மனுவிலேயே சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னால் அது விளக்கம். அரச சட்டத்தரணி எடுத்துக் காட்டினால் அது மறைப்பு, ரிட் வழக்கில் மறைப்புக்கு மன்னிப்பில்லை.

கேட்கும் நிவாரணம் தெளிவாக இருக்கவேண்டும். இப்படி அமையலாம்: "………… திகதிய முடிவை இரத்துச்செய்யும் உறுதிகேள் எழுத்தாணை ஒன்றையும், மனுதாரரின் விண்ணப்பத்தை அவருக்குச் செவிமடுத்தபின் குறிப்பிட்ட காலத்துக்குள் சட்டப்படி மீளப் பரிசீலித்து, காரணங்களுடன் எழுத்தில் முடிவு வழங்குமாறு பணிக்கும் ஆணையீட்டு எழுத்தாணை ஒன்றையும், தகுதி ஏற்கப்படின் கொடுப்பனவு முதலில் மறுக்கப்பட்ட திகதியில் இருந்து வழங்கப்படவேண்டும் என்ற பணிப்பையும்…" நிலுவை பற்றிய கடைசி வரியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கேட்காததை நீதிமன்றம் தானாகக் கொடுப்பது அரிது.

பிள்ளைக்கான கொடுப்பனவென்றால் தாயோ தந்தையோ பிள்ளையின் அடுத்த நண்பராகவும் (பிள்ளைக்காக வழக்கை நடத்துபவராகவும்) தன் பெயரிலும் சேர்ந்து மனுதாரராகலாம்.

சட்டத்தரணியும் செலவும்

1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குத் திருகோணமலையில் நிலையம் உண்டு. வருமானத்தை உறுதிப்படுத்திய கிராம உத்தியோகத்தர் சான்றிதழ், அடையாள அட்டை, நீங்கள் சேர்த்த கோவைப் பிரதிகள் எல்லாவற்றோடும் போங்கள். வெறுங்கையோடு போனால் "இவற்றை எடுத்துக்கொண்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்புவார்கள், வெருகலில் இருந்து வருகிறவருக்கு அது ஒரு நாள் கூலி. தனியாகச் சட்டத்தரணி பிடிப்பதென்றால் நீதிமன்றக் கட்டணத்தை விட அவர்களின் கட்டணம்தான் பெரிது. கொழும்பு வழக்குக்குப் பதிவுச் சட்டத்தரணி ஒருவர், வாதாடும் சட்டத்தரணி ஒருவர் என இருவர் தேவைப்படும். ஒவ்வொரு தவணைக்கும் எவ்வளவு என்று முதல் நாளே பேசிவிடுங்கள்.

வழக்கு நாட்கள்

முதல் தவணையில் எதிர்த்தரப்புக்கு அறிவித்தல் அனுப்பும் அளவுக்கு விடயம் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். அரச அதிகாரிகள் சார்பில் சட்டமா அதிபர் திணைக்களத்தின் சட்டத்தரணி தோன்றுவார். இந்தக் கட்டத்தில் கூர்ந்து கவனியுங்கள். கோவையைப் பார்த்த அரச சட்டத்தரணி, முடிவு நிற்காது என்று கண்டால் "மீளப் பரிசீலிக்கிறோம்" என்று சொல்ல வாய்ப்புண்டு. அப்படியொரு வாக்குறுதி வந்தால் காலவரையறையோடு அது நீதிமன்றப் பதிவேட்டில் ஏறவேண்டும் என்று உங்கள் சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். விறாந்தையில் சொன்ன வாக்குறுதியை யாரும் பிடித்து வைத்திருக்க முடியாது. சமரசம் வராவிட்டால் ஆட்சேபனை, அதற்கு எதிர்மொழி, பிறகு வாதம். சாட்சிக் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லும் வேலை பொதுவாக இல்லை, எல்லாம் ஆவணத்தில்தான்.

சக்கர நாற்காலியில் போகிறவர்கள் நீதிமன்றப் பதிவாளரிடம் முன்கூட்டியே பேசி, எந்தத் தளத்தில் வழக்கு, சாய்வுப் பாதை எங்கே என்று கேட்டுவைப்பது நல்லது. பொதுக் கட்டடங்கள் அணுகக்கூடியவையாக இருக்கவேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006இல் இருந்தே உண்டு. அவை நடைமுறைக்கு வரவில்லை என்று சக்கர நாற்காலியில் இருந்தபடி தானே உயர் நீதிமன்றத்தில் நின்று வாதாடி, 2011 ஏப்ரலில் ஆணை பெற்றவர் கலாநிதி அஜித் பெரேரா. ஆணை வந்து இத்தனை வருடமாகியும் பல படிக்கட்டுகள் அப்படியே இருக்கின்றன.

நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பு வேண்டுமென்றால் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை அதை உங்களுக்கு அரச செலவிலேயே தருகிறது. செவிப்புலன் குறைந்தவர்களுக்குச் சைகை மொழி உரைபெயர்ப்பாளர் தேவையென்பதைத் தவணைக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள், அன்றைக்குக் கேட்டால் தவணைதான் தள்ளிப்போகும்.

தீர்ப்புக்குப் பிறகு

வென்றால் தீர்ப்பின் அத்தாட்சிப் பிரதியை எடுத்து, பிரதேச செயலாளருக்கும் சம்பந்தப்பட்ட திணைக்களத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கூடவே புதிய மருத்துவச் சான்றிதழையும் வையுங்கள். வழக்கு நடந்த காலத்தில் பழையது காலாவதியாகி, அதையே சாட்டாக வைத்து மறுபடி இழுக்க இடம் கொடுக்கவேண்டாம். ஆணையை வேண்டுமென்றே மதிக்காவிட்டால் நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கை எடுக்கலாம். 2024ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம் அதற்கு இருக்கிறது.

தோற்றால், மாகாண மேல் நீதிமன்றத்தின் தீர்ப்புக்கு எதிராக மேன்முறையீட்டு நீதிமன்றம் போகலாம். மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் தீர்ப்புக்கு எதிராக உயர் நீதிமன்றத்தின் விசேட அனுமதியை ஆறு வாரத்துக்குள் கேட்கவேண்டும். இன்னொரு வழியும் உண்டு. நிலைமை மாறியிருந்தால், நோய் கூடியிருந்தால், வருமானம் குறைந்திருந்தால், புதிய விண்ணப்பம் போடுவதைப் பழைய தீர்ப்பு தடுக்காது. அதற்கும் மறுப்பு வந்தால் அந்தத் திகதியில் இருந்து காலக்கணக்கு புதிதாக ஓடத் தொடங்கும். 35ஆம் பிரிவுக் கடிதத்தை அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.